கடைவீதியும் தனி வரியும்

கடைவீதி ஒன்று நலிந்தால் அங்குள்ள வணிகரின் சோம்பலே காரணம் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கனடா நாட்டின் டொராண்டோ நகரத்து ப்ளூர் வீதியின் வரலாற்றைப் படித்த பின்னர் அக்கருத்தை மாற்றிக்கொண்டேன்.

அவ்வீதியின் மேற்குப் பகுதியில் டிராம் வண்டிகள் ஓடிய காலத்தில், பயணிகள் கடைகளைப் பார்த்தவாறே செல்வார்கள். 1968-இல் சுரங்க ரயில் அங்கே எட்டியது. வாடிக்கைக்காரர் பூமிக்கடியிலேயே போய்விட்டனர்! 1964-இல் திறக்கப்பட்ட யார்க்டேல் போன்ற பேரங்காடிகளும் போட்டியாக நின்றன.

வீதியை அழகுபடுத்த வணிகர் சங்கத்தார் நன்கொடை திரட்டினர். சிலர் கொடுத்தனர், சிலர் கொடுக்கவில்லை. பத்துப் பேர் செலவில் ஏற்றிய விளக்கு, பதினோராவது கடை வாயிலில் மட்டும் ஒளி வீசாதிருக்குமா? கொடாதவருக்கும் பலன் கிட்டுமாயின், கொடுத்தவரின் கையும் அடுத்த ஆண்டு சுருங்கிவிடும்.

ஆகவே அவர்கள் சட்டத்தின் துணையை நாடினர். ஒண்டாரியோ மாகாணம் இசைந்தது. 1970-இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே தோன்றியது. எல்லைக்குட்பட்ட அனைவரிடமும் நகராட்சி தனி வரி வசூலித்து, அத்தொகையை வட்டார நிர்வாகக் குழுவிடமே ஒப்படைத்தது. விளக்கு, மரம், இருக்கை, விழாக்கால அலங்காரம் ஆகியவற்றுக்கு அது செலவாயிற்று.

எனினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. வீதி செழித்தால் வாடகையும் உயரும் அன்றோ? வரியில் பங்கு செலுத்திய சிறிய தையற்காரர் அங்கே நிலைப்பாரா? வாடகையை இச்சட்டம் தடுப்பதில்லை. ஆனால், குத்தகைப்படி வரிச்சுமை ஏற்கும் வாடகைதாரரையும் ஒண்டாரியோச் சட்டம் உறுப்பினராக ஏற்கிறது. எத்தனை கட்டடம் உடையவராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே அளிக்கிறது.