138 கிராம் ஷூ போட்டா நாமும் பறக்கலாமா?
பெர்லின் மாரத்தானில் 2023 செப்டம்பரில் எத்தியோப்பிய வீராங்கனை டிகிஸ்ட் அசெபா 2 மணி 11 நிமிடம் 53 வினாடியில் ஓடி, பழைய உலக சாதனையை 2 நிமிடத்துக்கும் மேல் தகர்த்தார். காலில் போட்டிருந்த அடிடாஸ் ஷூ ஒன்றின் எடை வெறும் 138 கிராம்! விலை 500 டாலர், அப்போதைய மதிப்பில் 41 ஆயிரம் ரூபாய். கொடுமை என்னன்னா, பழகிப் பார்க்க கொஞ்ச தூரம், அப்புறம் ஒரே ஒரு மாரத்தான், அவ்வளவுதான் அதன் ஆயுள் என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

எடை குறைந்தால் என்ன லாபம்? ஷூவில் 100 கிராம் கூடினால், ஓடச் செலவாகும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடும். 42 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். அதனால் பலர் சாக்ஸ் போடுவதில்லை. லேசுக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு கோர்த்து, ஈரக்காலை அப்படியே நுழைத்து ஓடுகிறார்கள். உள்ளே தையல் உறுத்தினால் கொப்புளம்தான்!

சம்பளக் காசில் வாங்குறவங்க கவனிங்க. லேசான ரேஸ் ஷூக்களில் மெல்லிய அடிப்பாகமும் தாழ்ந்த குதிகாலும் உள்ளவை உண்டு. அதைத் திடீரென தினமும் போட்டு ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், குதிகால் தசைநார் வீங்கும். தினசரி பயிற்சிக்கு வழக்கமான தடித்த ஷூவே போதும். ரேஸ் ஷூவில் முதலில் 2, 3 கிலோமீட்டர் மட்டும் ஓடுங்க. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் வலித்தால், சில நாள் ஓட்டத்தையே நிறுத்திடுங்க.