கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்த விதம்

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் பரமண்டல ஜெபத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, "யாரை மன்னிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் வகுப்பு கப்சிப். அப்போதுதான் நான் கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிச் சொல்வேன்.

அவருடைய கணவர் கிரகாம், ஆஸ்திரேலியர். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குப் பல்லாண்டுகள் பணி செய்தவர். 1999 ஜனவரி 22 இரவு மனோகர்பூர் கிராமத்தில், மகன்கள் பிலிப், தீமோத்தியுடன் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். குளிர் என்று வண்டியிலேயே படுத்திருந்தார்கள். ஒரு கும்பல் சூழ்ந்து தீ வைத்தது. தப்ப விடவில்லை. மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6.

கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் கிளாடிஸ்.

"அப்போ கேஸ் வாபஸா, டீச்சர்?" என்றான் ஒரு வாண்டு. நல்ல கேள்வி. இல்லை, வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-இல் தூக்குத் தண்டனை. 2005-இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பது தன் மனதின் காரியம், தண்டிப்பது சட்டத்தின் வேலை என்று கிளாடிஸ் பிரித்தே பார்த்தார். நம் சபைகளில் இப்படிப் பிரித்துப் பார்ப்பது சுத்தமாகக் கிடையாது. அடி வாங்கி வரும் பெண்ணிடம் "மன்னிச்சு அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம். அது மன்னிப்பு அல்ல, நம் தலைவலியைத் தீர்த்துக்கொள்வது.

கிளாடிஸ் உடனே ஊரைக் காலி செய்யவில்லை. மகள் எஸ்தருடன் பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோய் இல்லத்தைத் தொடர்ந்து கவனித்தார். கணவர் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனையும் எழும்பியது. 2005-இல் அரசு கிளாடிஸுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.