‘எந்தத் தெரு?’ என்று கேட்காத மைதானம்

காலை ஐந்தரை மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றின் விளையாட்டு அரங்கம். தடகளப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். படிக்கட்டு வரிசையில் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர். ஃபிளாஸ்கில் டீ, ஒரு டப்பாவில் சுண்டல், பேச்சு, சிரிப்பு. வாசல் கேட்டுக்கு வெளியே, தன் டிவிஎஸ் வண்டியில் சாய்ந்தபடி ஒருவர் தனியாக நிற்கிறார். அவருடைய மகனும் உள்ளேதான் ஓடுகிறான். நானூறு மீட்டரில் அந்தக் கூட்டத்திலேயே வேகமானவன் அவன்தான்.

உள்ளே வந்து உட்காரலாமே என்று கேட்டோம். இங்கேயே நல்ல காற்று வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள்தான் விஷயத்தைச் சொன்னார். முதல் நாள் அவரும் படிக்கட்டில்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னார். ‘அந்த ஊர்ல எந்தத் தெரு?’ என்பது அடுத்த கேள்வி. அதற்கும் சொன்னார். அதன் பிறகு அவரை யாரும் திட்டவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. மறுநாள் முதல் அவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.

இதில் என்ன பெரிய இழப்பு, பிள்ளைதான் உள்ளே ஓடுகிறானே என்று கேட்பவர்கள் உண்டு. இழப்பு என்னவென்று அந்தக் கோடையில் தெரிந்தது. அரசு விளையாட்டு விடுதியில் சேர்வதற்கான மாவட்டத் தேர்வு நடந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தேதி தெரியும். கேட்டுக்கு வெளியே நின்றவருக்குத் தெரியாது. தேர்வு முடிந்த இரண்டாவது நாள் மகன் சொல்லித்தான் கேள்விப்பட்டார். மகனுக்கு ஓர் ஆண்டு போனது.

படிக்கட்டுதான் தகவல் பலகை

கிராமத்துப் பிள்ளை ஒருவர் விளையாட்டில் மேலே வர வேண்டுமானால், ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு நாள் தவறினாலும் பிரிவு மாறிவிடும். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விளையாட்டு விடுதிக்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். எந்தப் போட்டியின் சான்றிதழ் வேலைவாய்ப்புக்குச் செல்லும், எது செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் இருக்கிறது. பத்து வயதில் வாங்கிய சான்றிதழைப் பத்திரப்படுத்தத் தெரியாத வீட்டுக்கு அந்த இடம் எட்டாது.

இவையெல்லாம் அறிவிப்புப் பலகையில் எப்போதாவது ஒட்டப்படும். ஆனால் நடைமுறையில் இவை பரவுவது பெற்றோர் வாய்வழியாகத்தான். ‘ஸ்பைக்ஸ் ஷூ எங்க வாங்கினீங்க?’, ‘பிள்ளைக்குக் கெண்டைக்கால் பிடிச்சா என்ன செய்வீங்க?’, ‘ஸ்கூல்ல போனஃபைடு எழுதி வாங்கிட்டீங்களா?’ என்று அந்தப் படிக்கட்டில் பேசுவதுதான் பாடம். மூத்த பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்பிப் பழகிய வீட்டுக்கு இது தானாகத் தெரியும். வீட்டிலிருந்து முதல்முறையாக ஒரு பிள்ளையை அனுப்பும் கூலித் தொழிலாளிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். ஆகவே, அவரிடம் பேசாமல் இருப்பது அவருடைய பிள்ளையின் காலைக் கட்டுவதற்குச் சமம்.

பந்துக்கு இடம், கைக்கு இல்லை

இது இன்று தொடங்கிய கதையும் அல்ல. 1876இல் தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலு, இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர். புனேயில் ஆங்கிலேயர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தபடியே, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசினார். திறமையைப் பார்த்த பிறகு இந்துக்களின் அணியும் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். சாப்பாடும் தனியே. ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் தொட்ட குவளையை ஒருவரும் தொடவில்லை.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அப்படியிருந்தும் இந்துக்கள் அணியின் கேப்டன் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பொறுப்பு கிடைத்தது.

இரட்டைக் குவளையை நம் ஊர் டீக்கடைகளில் பார்த்தவர்களுக்கு பாலுவின் மண் குவளை புதிதாக இருக்காது. இன்று பல மைதானங்களில் பிள்ளைகள் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். கபடியில் ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். பிள்ளைகள் தாண்டிவிட்ட கோட்டைப் பெரியவர்கள்தான் படிக்கட்டில் வரைந்து வைத்திருக்கிறோம்.

வென்றால் கைதட்டு, தோற்றால் சாதி என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாட்கள் கழித்து, 2021 ஆகஸ்டில், அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் அருகே அவருடைய வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் அவருடைய குடும்பத்தார். அந்த வசவுகளைக் கேட்டவர்கள் அவர்கள்தான். விளையாட்டு வீட்டுக்குப் பெற்றோரும் உறவுகளும் கொடுக்கும் விலை பதக்கப் பட்டியலில் வருவதில்லை.

முகவரியே சுமையாகும் நிலையும் உண்டு. சென்னையில் இடம்பெயர்த்துக் குடியேற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரின் பெயரைச் சொன்னாலே முகம் மாறும் மனிதர்கள் இருந்தார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் அதே கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். பதக்கம் வந்த பிறகு முகவரியைக் கொண்டாடுவது எளிது. பதக்கம் வருவதற்கு முன்பு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் வந்து நிற்கும் தாயிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் வரும் தூரம்

அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. 17வது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழிக்கிறது. மாவட்ட அரங்கமும் பள்ளி மைதானமும் ஊராட்சித் திடலும் யாருடைய பட்டா நிலமும் அல்ல. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படி நடந்தால் 14566 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மாணவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சை நிறுத்திக்கொள்வதைச் சட்டத்தால் மட்டும் மாற்றிவிட முடியாது. நகர்ந்து உட்கார்வதற்கெல்லாம் வழக்குப் போடுவது எளிதல்ல. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அவர்களில் நாமும் உண்டு.

என்ன செய்யலாம்?

பல மைதானங்களில் பெற்றோருடன் பேசியதில் எங்களுக்குப் புரிந்தவற்றைச் சொல்கிறோம். எதற்கும் காசு தேவையில்லை.

முதல் கேள்வியை மாற்றுங்கள். ஊர், தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது வெறும் விசாரிப்பு என்று நினைப்போம். கேட்கப்படுபவருக்கு அது அப்படி இருப்பதில்லை. ‘பிள்ளை பேரு என்ன? என்ன விளையாடுறா?’ என்று தொடங்கினால் பேச்சு மைதானத்திலேயே நிற்கும்.

வருபவரை அழையுங்கள். ‘வாங்கண்ணே’, ‘வாங்கக்கா, இங்க உக்காருங்க’ என்ற ஒரு வார்த்தை போதும். வயதில் பெரியவரை ‘வாப்பா’, ‘என்னம்மா நீ’ என்று ஒருமையில் பேசும் பழக்கம் சிலருக்குச் சில தெருக்காரர்களிடம் மட்டும் வரும். அதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

தேதியை ஒருவரும் தவறவிடாதபடி சொல்லுங்கள். இப்போது பல மைதானங்களில் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புதிதாக வந்தவரை அன்றைக்கே சேருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு போடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு ஒருவர் பொறுப்பெடுத்துப் பேசிவிடுங்கள். குழுவில் சாதித் தலைவர் படம், சாதிப் பெருமைப் பாட்டு, மாநாட்டு அழைப்பு எதுவும் வேண்டாம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிள்ளையின் கையில் கூடாதது அப்பாவின் போனில் மட்டும் எப்படிச் சரியாகும்?

பணத்தைப் பொதுவில் பேசாதீர்கள். டி-ஷர்ட்டுக்கு, வேன் வாடகைக்கு என்று வசூல் நடக்கும். கொடுக்காதவர் பட்டியலைக் குழுவில் போடுவது ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பும் எளிய வழி. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக்கு வரத் தாமதமானால் அந்த வீட்டில் எல்லாமே தாமதமாகும். தனியே கேளுங்கள், தவணை கொடுங்கள். சின்னதாகிப்போன ஷூவைக் கொடுப்பதானாலும் நாலு பேர் முன்னால் கொடுக்காதீர்கள்.

ஒரே குவளையில் குடியுங்கள். புதிதாக வந்தவர் கொண்டுவந்த சுண்டலையும் வாங்கிச் சாப்பிடுங்கள். நம் டீயை அவருக்குக் கொடுப்பது பாதி வரவேற்பு. அவர் கொண்டுவந்ததை நாம் சாப்பிட்டால்தான் அது முழுமை.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. நம் குடியிருப்புக் கபடிக் குழுவில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை சேர வந்தபோது முகம் சுளித்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இருளர் பிள்ளைகள் ஓட வந்தால் ‘இவங்க நாலு நாள்ல நின்னுடுவாங்க’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளையை டிரவுசர் போட்டு ஓடவிடும் தாயைப் பற்றி முதலில் முணுமுணுப்பது பெரும்பாலும் நம் தெருத் திண்ணைதான். கேட்டுக்கு வெளியே நின்ற வலி தெரிந்தவர்கள், இன்னொருவருக்குக் கேட்டைச் சாத்தக் கூடாது.

புதிதாக மைதானத்துக்கு வரும் நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே நிற்காதீர்கள். உள்ளே வாருங்கள். யாரும் பேசாவிட்டாலும் பயிற்சியாளரிடம் நேரே போய், அடுத்த தேர்வு எப்போது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலர் அலுவலகத்தில் கேட்பதும் உங்கள் உரிமை. மாணவர்களே, அறிவிப்பைப் படித்து வீட்டில் சொல்லும் வேலை உங்களுடையது.

அந்த அரங்கத்துக்குச் சென்ற மாதம் மறுபடி போயிருந்தோம். ஃபிளாஸ்க் கொண்டுவரும் அம்மா ஒருவர், கேட் வரை நடந்துபோய், ‘அண்ணே, உங்க பையன் கடைசி நூறு மீட்டர் என்னமா ஓடுறான்! இங்கிருந்து பார்த்தா என்ன தெரியும்? உள்ள வாங்க’ என்றார். அவர் தயங்கினார். அந்த அம்மா டம்ளரை நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் அவர் உள்ளே வந்தார். படிக்கட்டில் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் எழுந்து வேறு பக்கம் போனார். அவர் போனதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பின்னால் போகவில்லை.

அன்று பேச்சு விடுதித் தேர்வைப் பற்றி. எந்த வகுப்புக்கு எந்தச் சான்றிதழ், தேர்வுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக அந்த அம்மா சொல்ல, அவர் தன் போனில் பதிவு செய்துகொண்டார். வரும் கோடையில் அந்தப் பையன் தேர்வுக்கு நிற்பான். தேர்வாவதும் ஆகாததும் அவன் ஓட்டத்தைப் பொறுத்தது. இனி அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டும்.