இடம்பெயர்ந்த பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தல்

2006 ஆம் ஆண்டில் சம்பூர், கூனித்தீவு, கட்டைபறிச்சான் பக்கமிருந்து வெளியேறிய குடும்பங்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் சென்றன. பலர் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் நலன்புரி நிலையங்களில் தங்கினர். சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான். இதற்கிடையில் ஒரே பிள்ளை மூன்று நான்கு பாடசாலைகளில் படித்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் பதிவுகள் சிதறாமல் இருக்க நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

உங்கள் பிள்ளையின் உரிமை

இலங்கையில் அரசாங்கப் பாடசாலைக் கல்வி இலவசம். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். நீங்கள் எந்த மாவட்டத்தவர் என்பது இதை மாற்றாது. நன்கொடை தந்தால்தான் அனுமதி என்று எவரும் கேட்க முடியாது.

என்ன கொண்டு செல்ல வேண்டும்?

• பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்
• முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம்
• கடைசித் தேர்ச்சி அறிக்கை
• தற்போதைய வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதம்

பத்திரங்கள் தொலைந்திருந்தால்

பத்திரம் கிடைக்கட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் அதிபரைச் சந்தித்து, நடந்ததைச் சொல்லி, பிள்ளையை வகுப்பில் இருத்தும்படி கேளுங்கள். பத்திரங்களைப் பின்னர் தேடலாம்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியை, பிறப்பு பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவு பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

விடுகைப் பத்திரத்துக்கு முன்னைய பாடசாலையின் அதிபரே பொறுப்பு. அந்தப் பாடசாலை மூடப்பட்டிருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தை நாடுங்கள். சம்பூர்ப் பாடசாலைகள் மூதூர் வலயத்தையும், வாகரைப் பாடசாலைகள் கல்குடா வலயத்தையும் சேர்ந்தவை. இரண்டும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வருவதால், ஒரு வலயம் மற்றதிடம் பிள்ளையின் விபரத்தைக் கேட்டுப் பெற முடியும். இதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியைத் திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிபர் மறுத்தால்

காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக வலயக் கல்விப் பணிப்பாளரிடம் செல்லுங்கள். இடமில்லை என்பது காரணமானால், அருகில் இடமுள்ள பாடசாலையைக் காட்டும்படி கேளுங்கள்.

படிப்பு இடைநின்ற பிள்ளை

ஓரிரு வருடம் விடுபட்ட பிள்ளை தன்னிலும் சிறியவர்களோடு இருக்க வெட்கப்பட்டுப் பாடசாலையை வெறுத்துவிடும். வயதுக்கேற்ற தரத்தில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்கு மேலதிக உதவி தரும்படி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். நீண்டகாலம் இடைவிலகியவர்களுக்கு வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு உதவும்.

பரீட்சை வருடத்தில் கவனம்

தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தர விண்ணப்பங்கள் பாடசாலை மூலமே அனுப்பப்படுகின்றன. விண்ணப்பித்த பின் ஊர் திரும்புவதானால், புறப்படுமுன் இரண்டு அதிபர்களுக்கும் அறிவியுங்கள். சாதாரண தரத்துக்குத் தேசிய அடையாள அட்டையும் தேவை. அதற்கான விண்ணப்பமும் அதிபர் ஊடாகவே செல்லும். இதைத் தவறவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகலாம்.

ஊர் திரும்பும்போது

வீட்டுச் சாமான் ஏற்றும் நாளுக்கு முன்பே விடுகைப் பத்திரத்தை வாங்கிவிடுங்கள். எல்லாப் பத்திரங்களுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பொலித்தீன் உறையிலிட்டு உங்களோடும், மற்றதை உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். வீடு கட்டி முடியும் வரை பிள்ளையின் படிப்பு காத்திருக்கத் தேவையில்லை.