பில்லில் இல்லாத சாமான்

மணற்காட்டில், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சவுக்குத் தோப்பு ஓரமாக எங்கள் வானைத் திருப்பிக்கொண்டு வந்தோம். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து, இரண்டு நாள் வெளியில் தங்கக்கூடிய மாதிரி ஆக்கிய பழைய யப்பான் வான் அது. ஃபோர் வீல். கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்தால் சுண்டிக்குளம் வரை அதில்தான் பயணம்.

மணலில் ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் வான் ஒரு குறையும் இல்லாமல் ஏறி வந்தது. குடத்தனையில் தார் றோட்டு ஏறியபோது லீவரை எடுக்க மறந்துவிட்டேன். வல்லிபுரம் தாண்டிப் புலோலிப் பக்கம் ஒரு முடக்கில் ஸ்ரியரிங் இறுகியது. ரயர் தாரைப் பிறாண்டியது. பிறகு அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

கழற்றிப் பார்த்தால் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் செயின் அறுந்து, உறையையும் பிளந்திருந்தது. லீவரை மறந்தது என் பிழை. ஆனால் அந்தச் சில கிலோமீட்டர் மறதி மட்டும் இவ்வளவைச் செய்யாது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு கராஜில் முன் டிஃபரென்ஷலை மாற்றியிருந்தேன். போட்டது பழைய சாமான். பின் டிஃப்பின் பல் விகிதம் 4.3. புதிதாகப் போட்ட முன் டிஃப் 4.1.

இந்த இரண்டு எண்ணும் ஃபோர் வீல் வான் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. ஃபோர் வீலில் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. விகிதம் வேறாக இருந்தால் பின் சில்லு 100 முறை சுற்றும் நேரத்தில் முன் சில்லு 105 முறை சுற்றப் பார்க்கும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் முன் சில்லு பின் சில்லைவிட ஏறக்குறைய 50 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். மணல் இளகிக் கொடுக்கும், சில்லு வழுக்கிச் சமாளிக்கும். தார் விடாது. அந்த இழுபறி முழுவதும் செயினிலும் பல்லிலும் முறுக்காக ஏறும். இரண்டு சில்லு ஓட்டத்தில் முன் டிஃப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு சத்தமும் வராது. அதனால்தான் எட்டு மாதம் எனக்குத் தெரியவில்லை.

விகிதம் சரியாக இருக்கும் வண்டியிலும், லீவர் போட்டுப் பூட்டும் வகை ஃபோர் வீலைக் காய்ந்த தாரில் ஓட்டக் கூடாது. முடக்கில் முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓடுகின்றன. ஸ்ரியரிங் இறுகி லீவர் திரும்பி வராவிட்டால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். நேராகச் சில மீட்டர் பின்னுக்கு எடுத்தால் முறுக்குக் கழன்று லீவர் தானாக வரும். எப்போதும் நான்கு சில்லிலும் ஓடும் வகை வான்கள் வேறு. அவற்றில் பலவற்றின் நடுவே சிலிக்கோன் பசை நிரம்பிய ஒரு கப்லிங் இருக்கிறது. ஒரு ரயர் புதிது, மூன்று ரயர் மொட்டை என்று ஓடினால் அது ஓயாமல் சூடாகிச் செத்துப்போகும். பழுதான இந்த வகை வானை இரண்டு சில்லைத் தூக்கி, இரண்டு சில்லை நிலத்தில் உருட்டி இழுத்துக்கொண்டு போனாலும் அதே கதிதான். முழு வண்டியையும் ஏற்றும் காரியரைக் கேளுங்கள். கூலி கூடத்தான், ஆனால் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் விலைக்கு அது கிட்ட வராது.

எங்கள் கரைக்கென்று ஒரு தனி நோயும் உண்டு. நாகர்கோவில், அம்பன், மருதங்கேணிப் பக்கம் அலையடியில் வானை ஓட்டுவோர் இருக்கிறார்கள். ஓடிச் சூடேறிய டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும். மேலே மூச்சுவிடும் சிறு குழாய் அடைபட்டிருந்தால் அது சீல் வழியாகக் கடல்நீரையே உறிஞ்சும். பிறகு ஓயிலைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி நிறம். அந்த ஓயிலோடு ஓடும் பேரிங்குகள் அதிக நாள் தாங்காது. முன் சில்லுக்குப் போகும் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். முடக்கில் ‘டக் டக்’ என்று கேட்டால் அதுதான். கரையில் ஓடிவிட்டு வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இடைக்கிடை ஓயில் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். மணலில் இறங்கும்போது ரயர்க் காற்றைக் குறைத்து, தாருக்கு ஏறியதும் திருப்பி அடிக்கத் தவறாதீர்கள். காற்றுக் குறைத்தால் லீவருக்கே பாதி வேலை இல்லாமல் போகும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வான்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தட்டிவான்களை ஓட வைத்த ஊர் இது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கைகள் இவை. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்றும் கூடவே தங்கிவிட்டது: எல்லாம் வாய்ச்சொல். ‘எங்கட ஆள்தானே’ என்று வண்டியை விட்டுவிட்டு வருகிறோம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வருகிறது. யார் வாங்கினார், எந்த விலை, என்ன விகிதம், எத்தனை நாள் செக்கிங் வொரன்ரி, ஒன்றும் எழுத்தில் இல்லை.

என் பில்லில் இருந்தது இவ்வளவுதான்: ‘டிஃப் வேலை’, அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை. கராஜ்காரரிடம் போனபோது, “அண்ணை, சாமான் நீங்கள்தானே கொண்டு வந்தனீங்கள், நான் பூட்டினது மட்டும்தான்” என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும். காட்ட ஒன்றும் இல்லை.

சாமான் யார் தந்தது என்ற ஒரு வரி ஏன் இவ்வளவு பெரிது என்பதைச் சட்டத்தில் பார்க்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, தொழிலாக ஒரு சேவையைச் செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும் என்கிறது. அந்தச் சேவையோடு அவர் வழங்கும் பொருள் அதன் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. யாரும் எழுதித் தராவிட்டாலும் இந்த உத்தரவாதம் இருக்கிறது. ஆகவே சாமானும் கராஜ்காரர் தந்தது என்றால் விகிதம் மாறிய டிஃப் முழுதும் அவர் பொறுப்பு. சாமானை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவரது வேலைக்குத்தான் அவர் பொறுப்பு, விகிதத்தைப் பார்க்காமல் பூட்டியது கவனக்குறைவா என்று வாதாட வேண்டி வரும். இரண்டுக்கும் நடுவே நிற்பது பில்லில் உள்ள ஒரு வரி. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

13 ஆம் பிரிவின்படி அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை அல்லது சேவை நடந்து 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, வேலை நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஃபோர் வீலைப் பருவத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்துகிறோம், பழுது தெரியும்போது 3 மாதம் போய்விடும். எனக்கும் அப்படித்தான் போனது. ஆகவே டிஃப், ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் வேலை செய்வித்தால் அந்தக் கிழமையே மணல் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் லீவரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதிகாரசபையின் அழைப்பு எண் 1977. யாழ்ப்பாணத்திலும் அதன் மாவட்ட அலுவலகம் உண்டு.

வானை வாங்கும்போது யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. வாகனம் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்குக் கைகொடுக்கும். விற்கத்தக்க தரத்தில் பொருள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் தானாகவே அடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஐயா தன் சொந்த வானை விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும். இன்னொரு நுணுக்கம்: வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு முறையிட முடியாது. அரைகுறையாகக் குனிந்து பார்த்துவிட்டு ‘பார்த்து எடுத்தேன்’ என்று கையெழுத்து வைப்பதைவிடக் கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கைக் கொண்டு முழுதாகப் பார்ப்பது நல்லது. யப்பானிலிருந்து வந்த வண்டியென்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். ‘ஃபோர் வீல் நன்றாக வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொன்னால் அந்த வசனத்தையே ரசீதில் எழுதுவியுங்கள். லீசிங்கில் எடுத்தவர்கள், வான் படுத்தாலும் தவணை படுக்காது என்பதை மறக்க வேண்டாம். கோபத்தில் தவணையை நிறுத்தினால் வண்டியையே இழக்க நேரும். குறையை உடனே எழுத்தில் லீசிங் கம்பனிக்கும் விற்றவருக்கும் அறிவியுங்கள்.

ஒகஸ்ற் வந்தால் வெளிநாட்டு உறவுகள் வாடகைக்கு வான் எடுப்பார்கள். எங்கள் பொதுச் சட்டமான ரோம-டச்சுச் சட்டத்தில், பயன்படுத்தத் தக்க நிலையில் வண்டியைக் கொடுப்பது வாடகைக்கு விடுபவர் கடமை. எடுத்தவர் தன் கவனயீனத்துக்குத்தான் பொறுப்பு, சாதாரணத் தேய்மானத்துக்கு அல்ல. ஆனால் ‘கடற்கரையில் ஓட்டக் கூடாது’ என்ற வரியில் கையெழுத்து வைத்துவிட்டு மணற்காட்டில் புதைந்தால் அந்த வாதம் எடுபடாது. பெறும்போதே அடிப்பக்கத்தைக் கைபேசியில் வீடியோ எடுங்கள். ஓயில் கசிவு, ரப்பர் உறை, நான்கு ரயரின் அளவும் தேய்வும் அதில் தெரிய வேண்டும். வெளிநாட்டு உரிமத்தோடு ஓட்டுபவர் இங்கு செல்லுபடியாகும் அனுமதியை முதலில் எடுக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடும்.

காப்புறுதி என்றதும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்தானே’ என்ற நம்பிக்கை பலருக்கு. வழமையான வாகனக் காப்புறுதி விபத்து போன்றவற்றுக்குத்தான். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் அது விலக்கியே வைத்திருக்கும். செயின் தானாக அறுந்தால் ஒன்றும் கிடைக்காது. கல்லில் மோதி டிஃப் உறை பிளந்தால் அது விபத்து. வண்டியை அசைக்காமல் அந்த இடத்திலேயே படம் எடுத்து உடனே அழையுங்கள். ஓயில் வழிய வழிய வீடு வரை ஓட்டி வந்தால், பிறகு ஏற்பட்ட சேதம் உங்கள் தலையில். தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியோடு வானை வாடகைக்கு விடுபவர்களும், கட்டில், காஸ் அடுப்பு வைத்த மாற்றத்தை அறிவிக்காதவர்களும் கம்பனிக்கு மறுப்பதற்கான காரணத்தைத் தாங்களே கொடுக்கிறார்கள். மறுத்தால் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டு, சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

எனக்குக் கடைசியில் உதவியது மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. சட்டத்தரணி இல்லாமல் இரு தரப்பும் நேரே இருந்து பேச வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை அங்கே கொண்டுபோகாமல் மாவட்ட நீதிமன்றம் ஏற்காது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு பருத்தித்துறை நீதிமன்றத்துக்குப் போகலாம். காலவரையறைச் சட்டம் எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும் வாய்ச்சொல்லுக்கு 3 ஆண்டும் தருகிறது. எழுதாத ஒவ்வொரு சொல்லும் பாதி அவகாசத்தைத் தின்றுவிடுகிறது. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சபைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது: உடைந்த சாமானை எறிய விடாதீர்கள். கழற்றியதைப் பையில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வடித்த ஓயிலில் ஒரு சோடாப் போத்தல் அளவு எடுத்து வையுங்கள், திறக்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். கூலி கொடுக்காமல் வண்டியை வெளியே எடுக்க முடியாத நிலை வந்தால், ‘ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். உழைத்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

சபையில் அந்த 4.1 டிஃப்பை ஒரு சாக்கில் கட்டி மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். கராஜ்காரர் அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பஞ்சிகாவத்தைக்குத் தானே போன் பண்ணிச் சொல்லி எடுத்ததாகவும், விகிதம் பார்க்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். கூலி இல்லாமல் செய்து தருகிறேன், சாமான் காசில் பாதியைத் தாருங்கள் என்றார். சரி என்றேன். லீவரை எடுக்க மறந்தவன் நான்.

இந்த முறை பில்லில் எட்டு வரி. முன் டிஃப், பழையது, 4.3, வாங்கியது கராஜ், செக்கிங் 14 நாள் என்று தொடங்கியது. பூட்டி முடிந்ததும் ஒரு பக்கச் சில்லைத் தூக்கி, மற்றதை நிலத்தில் விட்டு, ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். பின்னாலும் அப்படியே செய்தார். என்னைப் பக்கத்தில் குந்தவைத்து எண்ணச் சொன்னார். முன்னுக்கு நாலு சுற்று, பிறகு காலுக்குக் கொஞ்சம் மேல். பின்னுக்கும் நாலு, காலுக்குக் கொஞ்சம் மேல்.