கருவியும் பெயரும்: பினாங்கின் தொழிற்களங்களில் அதிகாரம் இயங்கும் முறை

தொழில்நுட்பம் சமுதாயத்தை மாற்றுகிறது என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அக்கூற்றில் உண்மை உண்டு; ஆயினும் அது முழுமையானதன்று. ஒரு கருவி வேலையின் முறையை மாற்றுகிறது. அவ்வேலையால் யார் உயர்வார், யார் தாழ்வார் என்பதை வேறு மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. வேலையை அளப்பவர் யார்? அதற்குப் பெயரிடுபவர் யார்? அப்பெயரை மறுத்துப் பேசத் தொழிலாளிக்கு இடம் உண்டா? பினாங்கு மாநிலத்தின் தோட்டம், தொழிற்சாலை, கைப்பேசி ஆகிய மூன்று களங்களைக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்வோம்.

தோட்டம்: தராசு யார் கையில்?

செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பின்னர் ரப்பர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. இரண்டிலும் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களைக் கொண்டுவந்த ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938இல் முடிவுக்கு வந்தது.

தோட்டத்தின் அதிகார அடுக்கை அறிய அங்கு வழங்கிய சொற்களே போதும். மேலே துரை, அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, களத்தில் தண்டலும் கங்காணியும், அடியில் பால்மரம் வெட்டுபவர். விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்று, தம் பெயர் அழைக்கப்படக் காத்திருப்பதில் அவருடைய நாள் தொடங்கியது.

மரம் வெட்டுவது எளிய வேலையன்று. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாகச் சென்றால் மரத்தில் காயம்படும். மேலோட்டமாக நின்றால் பால் குறையும். இந்த நுட்பம் முழுவதும் வெட்டுபவரின் கையில் இருந்தது. பால் நிறுக்கும் தராசும், எடையைப் பதியும் ஏடும் கிராணியிடம் இருந்தன. எழுத்தறியாத தொழிலாளி அந்த ஏட்டைச் சரிபார்க்க வழியில்லை. கத்தி, தராசு ஆகிய இரண்டு கருவிகளுள் அதிகாரம் தராசைச் சார்ந்தே நின்றது.

ஒரு சொல்லின் வரலாற்றையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ‘கூலி’ என்பது தமிழில் உழைப்புக்குப் பெறும் ஊதியம். காலனிய ஆட்சியின் ஏடுகளில் அது ஊதியம் பெறும் மனிதனின் பெயராயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. எனினும், ஊதியத்தைக் குறித்த ஒலி ஆளைக் குறித்ததனால் நேர்ந்தது தெளிவு: அம்மனிதனின் பெயரும் ஊரும் திறமையும் பதிவேட்டிலிருந்து நழுவின.

தொழிற்சாலை: திறமையா, இயல்பா?

1969இல் பினாங்குத் தீவு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருஞ்சிக்கலாக நின்றது. அதே ஆண்டில் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹித்தாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் அப்பத்தாண்டில் அங்கு ஆலைகளை நிறுவின. வயலும் சதுப்பும் சூழ்ந்திருந்த பகுதி உலக மின்னணுத் தொழிலின் ஒரு கண்ணியாயிற்று.

அவ்வாலைகளில் உழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மிகுதி, சீனரும் இந்தியரும் உடன் இருந்தனர். மணிக்கணக்காக நுண்ணோக்கியின்முன் அமர்ந்து, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் இணைப்பது தொடக்க காலத்தில் அவர்களுடைய வேலையாக இருந்தது. கண்ணும் விரலும் ஒருங்கே இயங்கினாலன்றி இது கைகூடாது.

இந்த வேலைக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதே நம் கேள்வி. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக வெளியிடப்பட்ட மலேசிய அரசின் கையேடு ஒன்று, கீழை நாட்டுப் பெண்களின் கைகள் சிறியவை, விரைந்து இயங்குபவை என்று புகழ்ந்தது. அதாவது, அத்திறமை பிறப்போடு வந்தது. டையன் எல்சன், ரூத் பியர்சன் என்னும் ஆய்வாளர்கள் 1981இல் இக்கருத்தை மறுத்தனர். பெண்கள் இளமை முதலே தையல் போன்ற வீட்டுவேலைகளில் பெற்ற பயிற்சியே ஆலையில் பயன்படுகிறது. அப்பயிற்சி வீட்டுக்குள் நிகழ்வதால் உலகின் கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே அது ‘திறனற்ற வேலை’ என்று வகைப்படுத்தப்படுகிறது என்று விளக்கினர். கற்றறிந்த திறமைக்கு ஊதியம் கேட்கலாம். இயல்பு என்று பெயரிடப்பட்டதற்கு எவர் ஊதியம் தருவார்? அப்புகழ்ச்சியே ஊதியத்தைக் குறைக்கும் கருவியாயிற்று.

விதிகளும் அவ்வாறே வளைந்தன. பெண்கள் இரவில் ஆலைவேலை செய்வதை 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் தடுத்திருந்தது. முறைவேலை நடத்தும் ஆலைகள் விலக்குப் பெற்றன. மின்னணுத் தொழிலாளர் நாடு தழுவிய தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் இசைவு கிடைக்கவில்லை. 1988இல் அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கங்களுக்கு மட்டும் வழி திறந்தது. வட்டார அளவிலான சங்கங்கள் தோன்ற மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

இதற்கிடையே கம்பி இணைக்கும் வேலையைத் தானியங்கிப் பொறிகள் ஏற்றுக்கொண்டன. 1980களின் நடுவில் நேர்ந்த பொருளாதாரச் சரிவில் பலர் வேலை இழந்தனர். 1989இல் மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் இணைந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. பயிற்சிக்குச் சான்றிதழ் வந்தது. சான்றிதழுக்கேற்ற பதவியும் வந்தது. முன்பு ‘இயல்பு’ எனப்பட்டது ‘திறன்’ என்னும் பெயரைப் பெற்றபோது ஊதியப் பேச்சும் மாறியது. ஆயினும் நுண்ணோக்கியின்முன் கண் களைத்த முதல் தலைமுறைப் பெண்களுக்கு அச்சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

கைப்பேசி: புதிய கிராணி

இன்று ஜார்ஜ் டவுனின் தெருக்களில் உணவுப் பொதியோடு விரையும் இளைஞரை வழிநடத்துவது கைப்பேசிச் செயலி. எந்த வேலை யாருக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதை அது கணிக்கிறது. அக்கணக்கு நிகழும் முறை ஓட்டுநருக்குத் தெரியாது. பழைய தோட்டத்தில் தராசின் பின்னால் ஒரு மனிதர் நின்றார். முணுமுணுக்கவேனும் ஒரு முகம் இருந்தது. இங்கு முகமும் இல்லை.

பெயரும் புதிது. அவர் தொழிலாளி அல்லர். ‘பங்காளர்’ என்று அழைக்கப்படுகிறார். நம் வழக்கில் பங்காளி என்றால் சொத்தில் உரிமை உடையவர். இந்தப் பங்காளருக்கு இலாபத்தில் பங்கில்லை. விபத்தின் சுமையில் மட்டும் பெரும்பங்கு உண்டு. இக்குறையை உணர்ந்தே நம் நாடாளுமன்றம் 2025இல் இத்தகைய தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. சட்டம் முதலில் செய்ததும் பெயரிடும் செயலே: இவர் யார் என்று அது வரையறுத்தது.

அலுவலகத்துக்கும் ஒரு மாற்றம் வந்துள்ளது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தன. வேலை செய்யும் நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். கேட்டது கிடைக்கும் என்னும் உறுதி இதில் இல்லை. ஆனால், காரணம் கூறாமல் மறுக்கும் அதிகாரம் இங்கு முடிவுறுகிறது. ஏட்டில் எழுதுபவர் ஒருவர் மட்டுமே என்றிருந்த நிலை, இருவரும் எழுதும் நிலையாகிறது.

வகுப்பறையின் பணி

இவ்விடத்தில்தான் மொழியாசிரியரின் பொறுப்பு தொடங்குகிறது. ‘பணியாளர்கள் குறைக்கப்பட்டனர்’ என்னும் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவோம். இலக்கணப்படி இது செயப்பாட்டு வினை. குறைத்தவர் யார்? வாக்கியம் சொல்லவில்லை. ‘விருப்ப விலகல்’ என்னும் தொடரில் விருப்பம் யாருடையது? ‘இலக்கு உயர்த்தப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பில் உயர்த்தியவர் எங்கே? மாணவர்கள் அவ்வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றி எழுதட்டும். மறைந்திருந்த எழுவாய் வெளிப்படும்போது அதிகாரம் இருக்குமிடமும் வெளிப்படும்.

நாளை இம்மாணவர்களுள் பலர் பாயான் லெப்பாசின் ஆலைகளில் பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் மேற்பார்வையாளராகவும் அமர்வர். சிலர் செயலிகளையே உருவாக்குவர். கட்டளை பெறும் இடத்தில் இருப்போர் ‘ஏன்?’ என்று எழுத்தில் கேட்க அறிய வேண்டும். கட்டளை இடும் இடத்தில் இருப்போர் அதற்குத் தெளிவாக விடை எழுத அறிய வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அவர்கள் அதைச் செய்ய நேரலாம். ஒரு வாக்கியத்தில் எழுவாயைத் தேடும் பழக்கத்தை முதலில் தாய்மொழியிலேயே கற்பிக்கலாம். அந்தப் பழக்கத்தை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது.