வண்டியும் நீங்களும் – 6: சிசியைக் கடைசியில் கேளுங்கள்

தன் தேவை இன்னதென்று தெரிந்து வண்டி வாங்குகிறவர் யார் என்று கேட்டால், டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவரைத்தான் கைகாட்டுவேன். காலடியில் தண்ணீர் கேன், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூட்டை, ஹேண்டிலில் தொங்கும் பை. எக்ஸ்எல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி, சக்தி சுமார் 4.3 குதிரைத் திறன். ஷோரூமுக்குள் நுழையும் இளைஞர் திரும்பியும் பார்க்காத எண் அது. ஆனால் அந்த எஞ்சினின் உச்ச இழுவையான 6.5 நியூட்டன் மீட்டர், 3,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. கையால் பிடிக்கும் கிளட்சும் இல்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை. சந்துக்குள் சுமையோடு ஊர்ந்து போனாலும் வண்டி திணறாது. இளநீர் வியாபாரிக்கு அது போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கப் போவதில்லை என்பது வாங்கும்போதே அவருக்குத் தெரியும்.

மற்றவர்கள் கேட்பதோ வேறு மாதிரி. “ஒன்றரை லட்சம் பட்ஜெட், 150 சிசிக்கு மேல், எது வாங்கலாம்?” இதில் பணம் இருக்கிறது, சிசி இருக்கிறது. எந்த ரோடு, தினமும் எவ்வளவு தூரம், பின்னால் யார் என்ற விவரம் மட்டும் இல்லை. அதைவிட முக்கியம், கேட்பவர் எப்படி ஓட்டுகிறவர் என்பது. அதற்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: யமஹா ஆர்15, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350.

காகிதத்தில் இரண்டின் சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். யமஹா 18 குதிரைத் திறனை ஒட்டி, என்ஃபீல்டு 20-ஐ ஒட்டி. யமஹா இதை எட்டுவது 10,000 ஆர்பிஎம்மில், என்ஃபீல்டு எட்டுவது 6,100-இல். இழுவையில் வித்தியாசம் இன்னும் பெரிது. யமஹாவுக்கு 7,500-இல் 14.2 நியூட்டன் மீட்டர். என்ஃபீல்டுக்கு 4,000-இலேயே 27. காரணம் சிசி மட்டுமல்ல, சிலிண்டரின் உருவமும்தான். கிளாசிக்கின் சிலிண்டர் 72 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 85.8 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். பிஸ்டன் அவ்வளவு நீளமாகப் போய் வரும் எஞ்சினை வெகு வேகமாகச் சுழற்ற முடியாது. ஆர்15-இல் 58 மில்லிமீட்டர் அகலம், 58.7 மில்லிமீட்டர் ஓட்டம். எவ்வளவு வேண்டுமானாலும் சுழற்று என்று கூப்பிடும் எஞ்சின்.

இந்த இரண்டையும் கொல்லிமலைக்கு ஓட்டிப் போனால் எண்களின் அர்த்தம் புரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒரு ஆள், ஒரு பை. கிளாசிக்கை இரண்டாவது கியரிலோ மூன்றாவதிலோ விட்டுவிட்டு, வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும், அவசரமில்லாமல் ஏறிவிடும். ஆர்15-இல் ஒவ்வொரு வளைவுக்கும் கியரை இறக்கி, ஆர்பிஎம்மை 7,000-க்கு மேல் பிடித்துவைக்க வேண்டும். அப்படிப் பிடிக்கத் தெரிந்தவர் கிளாசிக்குக்கு முன்னால் போய்விடுவார். எடையும் ஐம்பது கிலோவுக்கு மேல் குறைவு, குறைந்த இழுவையைக் கியர் பெருக்கித் தருகிறது. பிடிக்கத் தெரியாதவருக்கோ அதே வண்டி மேட்டில் முனகும். அவரும் “பிக்கப்பே இல்லை” என்று கம்பெனியைத் திட்டுவார்.

நீங்கள் எந்த ரகம் என்று அறிய ஷோரூம் போக வேண்டாம். இப்போது ஓட்டும் வண்டியிலேயே கவனியுங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்ததுமே கால் தானாக அடுத்த கியருக்குப் போகிறதா? ஸ்பீடு பிரேக்கரில் வேகம் குறைந்த பிறகும் கியரை இறக்க மனமில்லாமல், நான்காவதிலேயே தடதடவென்று இழுக்கிறீர்களா? அப்படியென்றால் உயர் ஆர்பிஎம்மில் உயிர்க்கும் வண்டிக்குக் காசு கொடுத்தும் அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். நம்மூரில் பெரும்பாலானோர் இந்த ரகம்தான். மைலேஜுக்குப் பழகிய கால் அது. சத்தம் ஏற ஏறக் குஷியாகிறவர், வளைவைப் பார்த்ததும் கியரை இறக்குகிறவர் புல்லட் வாங்கினால் மூன்றே மாதத்தில் சலித்துவிடும்.

அடுத்தது பின்சீட். விளம்பரப் படத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறார்கள். ஆர்15 போன்ற வண்டிகளில் பின்சீட் தனியாக, சிறியதாக, உயரத்தில் நிற்கும். புடவையோடு ஒருபக்கமாக உட்காரும் அம்மாவுக்கு அது சீட்டே அல்ல, தண்டனை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகில் வந்து மோத வேண்டியதுதான். ஸ்பிளெண்டரின் நீளமான, தட்டையான சீட் இத்தனை வருடம் விற்றதற்கு மைலேஜ் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

எடையையும் உயரத்தையும் ஷோரூமின் டைல்ஸ் தரையில் சோதிப்பதில் பயனில்லை. அங்கே எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு நகரும். உங்கள் வீட்டு வாசல் சறுக்கை நினைத்துப் பாருங்கள். சாய்வு எவ்வளவு, கேட் எவ்வளவு அகலம், மாடிப்படிக்கு அடியில் திருப்ப இடம் உண்டா? ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 195 கிலோ. நடுவில் இருக்கும் 83 கிலோவை தினமும் காலையில் பின்னோக்கித் தள்ளப் போவது நீங்கள்தான். ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். சமதளத்தில் இரண்டு கால் நுனியும் எட்டுகிறவருக்கு, ரோட்டோரம் சரிந்த இடத்தில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். கீழே போகும் வண்டியைக் கையால் நிறுத்த முடியாது.

ஹிமாலயன் என்றதும் லடாக் நினைவு வரும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வருகிறவர், வாழ்நாளில் ஒருமுறை போகும் மலைப்பயணத்துக்காக வருடம் முழுவதும் அவ்வளவு பெரிய வண்டியைச் சிக்னலில் உருட்டுவானேன்? லே நகரில் அதே வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. உள்ளூர் மெக்கானிக்கும் அதே ஊரில் இருப்பார்.

பணக் கணக்கில் மைலேஜுக்குத் தரும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 60 தரும் வண்டிக்கு சுமார் 17 லிட்டர், 35 தரும் வண்டிக்கு 29 லிட்டர். வித்தியாசம் 12 லிட்டர். அதைவிடப் பெரிய ஓட்டை வாங்கும் விலை, இன்சூரன்ஸ், டயர். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் 350 சிசியில் கோடு கிழித்துவிட்டது: 350 சிசி வரை 18 சதவீதம், தாண்டினால் 40. கிளாசிக் கோட்டுக்கு இந்தப்பக்கம், ஹிமாலயன் அந்தப்பக்கம். மழையிலும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிறவர்கள் செலவு பார்க்கக் கூடாதது ஏபிஎஸ் ஒன்றில்தான். 125 சிசிக்கு மேல் அது 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்; ஆனால் சில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிறு காலை காலி ரோட்டில் போகாதீர்கள். வேலைநாள் மாலை ஆறரைக்குப் போங்கள். மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பாருங்கள். அரை மணி கிளட்ச் பிடித்த இடது கை என்ன சொல்கிறது, சிக்னலில் நின்றால் தொடையில் எவ்வளவு சூடு என்று பாருங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிப்போங்கள். இரண்டு பேரை ஏற்றி ஓட்டிப் பார்க்க விடமாட்டோம் என்று சொன்னால், பக்கத்துத் தெருவில் இன்னொரு ஷோரூம் இருக்கும்.

(அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்ட் வண்டியில் எஞ்சினுக்கு முன் பார்க்க வேண்டியவை)